சிங்க ஹென்றி: வாழ்க்கையும் குடும்பமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

12ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் புனித ரோமானியப் பேரரசருக்கு அடுத்தபடியாக எல்லோரும் அஞ்சிய மனிதர், சிங்க ஹென்றி என்ற டியூக் (பேரரசருக்குக் கீழே ஒரு நாட்டை ஆளும் பெரிய பிரபு). சாக்சனி, பவேரியா என்று இரண்டு பெரிய நாடுகள் அவர் கையில் இருந்தன. ஐம்பது வயதை நெருங்கும்போது இரண்டையும் இழந்தார். இவரைப் பற்றிப் படிக்க உட்காருபவர்களைப் போர்களைவிட உறவுமுறைகள்தான் அதிகம் குழப்புகின்றன. யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துவிட்டால், போர்கள் ஏன் நடந்தன என்பதும் தானாகப் புரிந்துவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் குடும்பத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், யார் இவர்?

வெல்ஃப் என்ற பழைய பிரபுக் குடும்பத்தில் 1130ஐ ஒட்டிப் பிறந்தவர். 1142இல் சாக்சனியின் டியூக் ஆனார், 1156இல் பவேரியாவுக்கும் டியூக் ஆனார். 1180இல் இரண்டு பதவிகளும் பறிபோயின. 1195 ஆகஸ்ட் 6 அன்று பிரவுன்ஷ்வைக் நகரில் இறந்தார். பேரரசர் பிரெடெரிக் பார்பரோசாவின் உறவினர், இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மருமகன், பின்னாளில் பேரரசரான நான்காம் ஓட்டோவின் தந்தை.

படிக்கும்போது எங்கு பார்த்தாலும் ஹென்றிதான் வருகிறார். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நியாயமான கேள்வி. தாத்தா கறுப்பு ஹென்றி, அப்பா பெருமித ஹென்றி, மகன் சிங்க ஹென்றி, அவருடைய மூத்த மகனும் ஹென்றி. அம்மாவின் இரண்டாம் கணவர் பெயர் ஹென்றி யாசோமிர்கோட். மாமனார் இங்கிலாந்தின் ஹென்றி. பார்பரோசாவின் மகனும் ஆறாம் ஹென்றி. பட்டப்பெயர்களை விட்டுவிட்டால் பிடி கிடைக்காது. கீழே வெறுமனே 'ஹென்றி' என்று வந்தால் அது சிங்க ஹென்றிதான்.

'சிங்கம்' என்ற பெயர் எப்படி வந்தது?

வெல்ஃப் என்ற குடும்பப் பெயருக்கே விலங்கின் குட்டி என்று பொருள். குட்டியிலிருந்து சிங்கம் என்பது அந்தக் காலத்தவருக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும். ஹென்றியும் அந்தப் பெயரை விரும்பி ஏற்றார். தன் நாணயங்களில் சிங்கத்தைப் பொறித்தார். 1166ஐ ஒட்டித் தன் பிரவுன்ஷ்வைக் கோட்டைக்கு முன்னால் வெண்கலச் சிங்கம் ஒன்றை வார்த்து நிறுத்தினார். உயரம் 1.78 மீட்டர், நீளம் 2.79 மீட்டர், எடை ஏறத்தாழ 880 கிலோ. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இந்த அளவில் தனித்து நிற்கும் வெண்கலச் சிலையை அதற்கு முன் யாரும் வார்த்ததில்லை. இன்று சதுக்கத்தில் நிற்பது நகல். மூலச்சிலை அருகிலுள்ள டாங்க்வார்டரோட கோட்டைக்குள் இருக்கிறது.

வெல்ஃப் குடும்பம் எங்கிருந்து வந்தது? இவ்வளவு நிலம் எப்படிச் சேர்ந்தது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். வெல்ஃப் குடும்பத்தின் சொத்துக்குப் பின்னால் வாள்களைவிடப் பெண்கள்தான் அதிகம் இருக்கிறார்கள்.

முதலில், அந்தக் குடும்பமே பெண்வழியில்தான் பிழைத்தது. 1055இல் மூன்றாம் வெல்ஃப் வாரிசு இல்லாமல் இறந்தார். ஆண்வழி அத்தோடு முடிந்தது. அவருடைய தாய் இமிசா, இத்தாலியில் எஸ்தே குடும்பத்துக்குக் கட்டிக்கொடுத்த மகளின் பிள்ளையை வரவழைத்துச் சொத்தை அவரிடம் ஒப்படைக்கச் செய்தார். அந்தப் பேரன்தான் நான்காம் வெல்ஃப். 1070இல் பவேரியாவின் டியூக் ஆனார்.

அடுத்து, அவர் மகன் கறுப்பு ஹென்றி வுல்ஃப்ஹில்டை மணந்தார். சாக்சனியின் பில்லுங் குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாததால், அப்பாவின் சொத்து வுல்ஃப்ஹில்டுக்கும் தங்கை ஐலிகாவுக்கும் பிரிந்தது. லூனெபுர்க் நகரும் அதன் உப்பு ஊற்றும் வெல்ஃப் குடும்பத்துக்கு வந்தது இந்த வழியில்தான்.

மூன்றாவது வரவு எல்லாவற்றையும்விடப் பெரியது. பிரவுன்ஷ்வைக் நகரின் கடைசி வாரிசு கெர்ட்ரூட் என்ற பெண். அவர் மகள் ரிச்சென்சா. ரிச்சென்சாவை மணந்தவர் பிற்பாடு பேரரசர் மூன்றாம் லோதர் ஆனார். அந்தத் தம்பதிக்கு ஒரே மகள், அவருக்கும் கெர்ட்ரூட் என்றே பெயர். அவரை மணந்தவர் பெருமித ஹென்றி. அவர்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை நம் சிங்க ஹென்றி. ஆக பிரவுன்ஷ்வைக், கொள்ளுப்பாட்டி, பாட்டி, அம்மா என்று மூன்று பெண்கள் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தது.

லூனெபுர்க் அப்பாவைப் பெற்ற பாட்டி வழி, பிரவுன்ஷ்வைக் அம்மாவைப் பெற்ற பாட்டி வழி. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மிஞ்சப்போவது இவைதான்.

சிறுவயதில் என்ன நடந்தது?

1137 டிசம்பரில் தாத்தா லோதர் இத்தாலியிலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். அடுத்த பேரரசர் தன் மருமகன் பெருமித ஹென்றிதான் என்பது அவர் கணக்கு. சாக்சனி, பவேரியா இரண்டையும் வைத்திருந்த ஒருவரைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொள்ள மற்றப் பிரபுக்கள் தயாராக இல்லை. 1138இல் ஹோஹென்ஸ்டாவ்ஃபன் குடும்பத்தைச் சேர்ந்த மூன்றாம் கொன்ராடை அவசரமாகத் தேர்ந்தெடுத்தார்கள். கொன்ராட் வந்த வேகத்தில் பெருமித ஹென்றியின் இரண்டு நாடுகளையும் பறித்தார். சாக்சனி, கரடி ஆல்பிரெக்ட் என்பவருக்குப் போனது. அவர் வேறு யாருமில்லை, மேலே சொன்ன ஐலிகாவின் மகன். நம் வழக்கில் சொன்னால் பெருமித ஹென்றிக்கு அண்ணன் தம்பி முறை.

1139 அக்டோபரில் பெருமித ஹென்றி திடீரென்று இறந்தார். பிள்ளைக்கு அப்போது பத்து வயது இருக்கும். சாக்சனியை விட்டுக்கொடுக்காமல் காத்தது பாட்டி ரிச்சென்சா. 1141இல் அவரும் இறந்தார். அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டது. பிள்ளைக்குச் சாக்சனி. பதிலுக்குப் பவேரியாவைக் கேட்கக் கூடாது. அம்மா கெர்ட்ரூட், எதிரணியைச் சேர்ந்த ஹென்றி யாசோமிர்கோட்டை மறுமணம் செய்துகொள்ள வேண்டும். அவரும் செய்துகொண்டார். 1143 ஏப்ரலில் பிரசவத்தில் இறந்தார். அப்போது அவருக்கு 28 வயதுதான். நான்கு ஆண்டுகளுக்குள் அப்பா, பாட்டி, அம்மா மூவரையும் இழந்த சிறுவன் அவர். பின்னாளில் அவரிடம் கண்ட பிடிவாதத்தை எடைபோடும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

பார்பரோசா அவருக்கு என்ன முறை?

அத்தை மகன். பெருமித ஹென்றியின் சகோதரி யூடித்தான் பார்பரோசாவின் தாய். பார்பரோசா பக்கமிருந்து பார்த்தால் ஹென்றி தாய்மாமன் மகன்.

அப்பா வழியில் பார்பரோசா ஹோஹென்ஸ்டாவ்ஃபன், அம்மா வழியில் வெல்ஃப். இரண்டு குடும்பங்களும் பல ஆண்டுகளாக அடித்துக்கொண்டிருந்தன. இரண்டின் ரத்தமும் ஓடும் ஒருவர் வந்தால் சண்டை ஓயும் என்ற நம்பிக்கையும் 1152இல் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். கால் நூற்றாண்டுக்கு அந்த நம்பிக்கை பலித்தது.

பவேரியாவை எப்படித் திரும்பப் பெற்றார்?

தன் பெயரில் மற்றவர்கள் எழுதிக்கொடுத்த விட்டுக்கொடுத்தல் தன்னைக் கட்டாது என்று 1147இலேயே உரிமை கோரத் தொடங்கிவிட்டார். கொன்ராட் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்பரோசா வந்ததும் நிலைமை மாறியது. அப்போது பவேரியாவை வைத்திருந்தவர் ஹென்றியின் மாற்றாந்தந்தை யாசோமிர்கோட். அவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது, அவரும் பேரரசருக்குச் சிற்றப்பா முறை. 1156 செப்டம்பரில் ஒரு வழி கண்டார்கள். பவேரியாவின் கிழக்குப் பகுதியைப் பிரித்துத் தனி டியூக் நாடாக்கி அவருக்குக் கொடுத்தார்கள். ஆஸ்திரியா என்ற நாடு உருவான கதை இது. மிச்சமிருந்த பவேரியா ஹென்றிக்கு வந்தது.

மியூனிக் நகரை நிறுவியவர் இவர்தானா?

ஆமாம் என்றுதான் நகரத்தாரும் சொல்கிறார்கள், 1158 ஜூன் 14ஐப் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். உப்பு வண்டிகள் இசார் ஆற்றை ஃப்யோரிங் என்ற இடத்தில் கடந்துகொண்டிருந்தன. அந்தப் பாலமும் அங்கே வசூலான சுங்கமும் ஃப்ரைசிங் ஆயர் ஓட்டோவுக்குச் சொந்தம். ஹென்றி அந்தப் பாலத்தை அழித்துவிட்டு, ஆற்றின் மேற்பக்கம் தன் நிலத்தில் புதுப் பாலம், சந்தை, நாணயச்சாலை எல்லாவற்றையும் அமைத்தார். வழக்கு பேரரசரிடம் போனது. அவர் ஜூன் 14 அன்று ஆக்ஸ்புர்கில் தீர்ப்பளித்தார்: சந்தை புதிய இடத்திலேயே இருக்கட்டும், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயருக்குப் போகட்டும். மியூனிக் என்ற பெயர் முதலில் எழுத்தில் வருவது அந்த ஆவணத்தில்.

அந்த ஆயர் ஓட்டோ யார் தெரியுமா? யாசோமிர்கோட்டின் உடன்பிறந்த சகோதரர். ஹென்றி இடித்தது மாற்றாந்தந்தையின் சகோதரருடைய பாலம்.

லூபெக்?

அங்கேயும் இதே கை. 1143இல் ஹோல்ஷ்டைன் கோமான் இரண்டாம் அடோல்ஃப் நிறுவிய துறைமுகம் அது. வியாபாரம் அங்கே போக ஆரம்பித்ததும் ஹென்றியின் பார்டோவிக் சந்தை மந்தமானது. ஓல்டெஸ்லோவில் அடோல்ஃப் நடத்திய உப்பளம் ஹென்றியின் லூனெபுர்க் உப்புக்குப் போட்டியானது. ஹென்றி லூபெக்கில் சந்தை கூடக் கூடாது என்று தடை போட்டார், உப்பு ஊற்றுகளை அடைக்கச் செய்தார். 1157இல் லூபெக் தீயில் அழிந்தது. வணிகர்கள் நொந்துபோய் ஹென்றியிடம் இடம் கேட்டார்கள். அவர் அமைத்துக்கொடுத்த 'சிங்கநகர்' கப்பல் வர வசதியில்லாமல் தோற்றது. கடைசியில் அடோல்ஃப் இடத்தை விட்டுக்கொடுக்க, 1159இல் லூபெக்கை ஹென்றி மறுபடி எழுப்பினார்.

அதற்குப் பிறகு செய்ததில் அவருடைய திறமை தெரிகிறது. டென்மார்க், ஸ்வீடன், நார்வே, ருஷ்ய நாடுகளுக்குத் தூதர்களை அனுப்பி, லூபெக் வரும் வணிகர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று உறுதி சொன்னார். 1161இல் காட்லாந்து தீவு வணிகர்களோடு உடன்பாடு செய்தார். பின்னாளில் ஹான்சா வணிகக் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கியது இந்த லூபெக்தான்.

ஸ்லாவிய மக்களிடம் கொடூரமாக நடந்துகொண்டார் என்கிறார்களே?

நடந்துகொண்டார், மழுப்ப வேண்டியதில்லை. எல்பே ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த ஸ்லாவிய மக்கள் மீது 1147இல் நடந்த சிலுவைப் போரில் இளைஞர் ஹென்றியும் இருந்தார். 1160இல் ஓபோட்ரிட் மக்களின் தலைவர் நிக்லோட் போரில் கொல்லப்பட்டார். ஹென்றி அந்த நாட்டைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக்கொடுத்து, ஷ்வேரினில் ஜெர்மானிய நகரை அமைத்தார். அந்தக் காலத்தில் அங்கேயே வாழ்ந்த போசாவ் ஊர்ப் பாதிரியார் ஹெல்மோல்ட் ஒரு வரலாறு எழுதியிருக்கிறார். டியூக்கின் பழைய படையெடுப்புகளில் கிறிஸ்தவம் பற்றிப் பேச்சே இல்லை, பணம் மட்டுமே பேச்சு என்று அவரே குறை சொல்கிறார். மதத்துக்காகப் போராடியவர் என்று ஹென்றியைக் காட்டுபவர்களுக்கு இந்தப் பாதிரியாரின் சாட்சி போதும்.

ஆனால் நிக்லோட்டின் மகன் பிரிபிஸ்லாவ் பணியவில்லை. பல ஆண்டுகள் போராடினார். 1167இல் ஹென்றியே பெரும்பகுதி நிலத்தை அவரிடம் திருப்பிக்கொடுத்தார். திருமணத்துக்கு வெளியே தனக்குப் பிறந்த மகள் மெடில்டாவைப் பிரிபிஸ்லாவின் மகனுக்கு மணம் முடித்தார். மெக்லென்புர்க் என்று பெயர்பெற்ற அந்த நிலத்தை 1918 வரை ஆண்டது அந்த ஸ்லாவியத் தலைவரின் வம்சம்தான்.

முதல் மனைவி யார்? ஏன் பிரிந்தார்கள்?

க்ளெமென்சியா, ஸேரிங்கன் டியூக்கின் மகள். திருமணம் 1148ஐ ஒட்டி நடந்தது. கணவர் தெற்கே போயிருந்த சமயத்தில் லூனெபுர்கில் இருந்து சாக்சனியின் காரியங்களைக் கவனித்தவர் இவர். கப்பம் கட்ட மறுத்த ஸ்லாவியக் குழுக்களைப் பற்றி நிக்லோட் முறையிட வந்தது இவரிடம்தான். உடனே படை அனுப்ப ஏற்பாடு செய்தார்.

ஓர் ஆண் குழந்தை லூனெபுர்கில் மேசையிலிருந்து விழுந்து இறந்தது. பெரியவளானது கெர்ட்ரூட் என்ற மகள் மட்டும். 1162 நவம்பரில், கணவன் மனைவி இருவரும் நெருங்கிய ரத்த உறவு என்று காரணம் காட்டித் திருமணத்தைக் கான்ஸ்டன்ஸ் நகரில் ரத்து செய்தார்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் சாதாரணமாக இருக்கும் நமக்கு இது விசித்திரமாகத் தெரியும். அன்றைய திருச்சபைச் சட்டத்தில் ஏழு தலைமுறை வரை உறவு பார்த்தார்கள். அந்தக் கணக்கில் பிரபுக் குடும்பங்களில் யார் யாருக்குத்தான் உறவில்லை? கல்யாணத்தின்போது யாரும் கேட்கவில்லை, பிரிய வேண்டும் என்றபோது உறவு கண்ணுக்குத் தெரிந்தது. உண்மையில் ஸேரிங்கன் குடும்பத்தோடு பார்பரோசாவுக்குப் பகை முற்றியிருந்தது. ஹென்றிக்கும் ஆண் வாரிசு இல்லை. க்ளெமென்சியா பிறகு சவாய் கோமான் மூன்றாம் ஹம்பர்ட்டை மணந்தார்.

இரண்டாம் மனைவி மெடில்டா குழந்தை என்பது உண்மையா?

உண்மை. 1156இல் பிறந்தவர். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றிக்கும் அக்கித்தேன் சீமாட்டி எலினாருக்கும் மூத்த மகள். 1168 பிப்ரவரி 1 அன்று மின்டன் பேராலயத்தில் கல்யாணம் நடந்தபோது மணப்பெண்ணுக்குப் 11 வயது, மாப்பிள்ளை நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அன்றைய அரச குடும்பங்களில் வழக்கம்தான் என்று சொல்லிவிடலாம். கடல் தாண்டி, மொழி தெரியாத ஊருக்கு அனுப்பப்பட்ட அந்தச் சிறுமிக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

அப்படி வந்தவர்தான் வெல்ஃப் குடும்பத்தைப் பின்னாளில் காப்பாற்றினார். ஹென்றிக்கு எல்லாம் போனபோது போய் நிற்க ஒரு வாசல் இருந்தது மெடில்டாவின் அப்பா வீட்டில்தான்.

எத்தனை குழந்தைகள்? அவர்கள் என்ன ஆனார்கள்?

க்ளெமென்சியாவின் மகள் கெர்ட்ரூட் முதலில் கொன்ராட் அரசரின் மகனை மணந்தார். ஆமாம், தாத்தாவின் நாடுகளைப் பறித்த அதே கொன்ராட். அந்தக் கணவர் 1167இல் ரோமில் பரவிய கொள்ளைநோயில் இறந்தார். பிறகு டென்மார்க்கின் ஆறாம் க்னூட்டை மணந்து அரசியானார்.

மெடில்டாவின் பிள்ளைகளில் பெரியவர்களானவர்கள் ஐந்து பேர். மூத்தவள் ரிச்சென்சா, பாட்டியின் அம்மா பெயர். பிரான்ஸில் வாழ்க்கைப்பட்டார். ஹென்றி, ரைன் பகுதியின் பாலட்டின் கோமான் ஆனார். லோதர் 1190இல் பதின்வயதிலேயே இறந்தார். ஓட்டோ 1209இல் ரோமில் பேரரசராக முடிசூடினார். 1214இல் புவீன் போரில் பிரெஞ்சு அரசரிடம் தோற்று, 1218இல் ஹார்ஸ்புர்க் கோட்டையில் இறந்தார். கடைசிப் பிள்ளை வில்ஹெல்ம் 1184இல் வின்செஸ்டரில், அப்பா நாடு கடத்தப்பட்டிருந்தபோது பிறந்தவர். 1213இல் முப்பது வயதைத் தொடும் முன் இறந்துவிட்டார். வம்சம் நிலைத்தது இவருடைய ஒரே மகனால்தான்.

எருசலேம் போனாராமே?

1172இல் புறப்பட்டார். கர்ப்பிணியாக இருந்த மெடில்டா பிரவுன்ஷ்வைக்கிலேயே தங்கினார். கான்ஸ்டான்டினோபிளில் பைசாந்தியப் பேரரசர் மானுவேல் அரச மரியாதை கொடுத்தார். திரும்பும் வழியில் துருக்கிய சுல்தான் கிலிஜ் அர்ஸ்லான் அவரைக் கட்டியணைத்து, தன் முன்னோர்களில் ஒரு ஜெர்மானியச் சீமாட்டி உண்டு, ஆகவே நீங்கள் எனக்குச் சொந்தக்காரர் என்று சொன்னதாக அந்தக் கால வரலாற்றாசிரியர் லூபெக்கின் அர்னோல்ட் எழுதியிருக்கிறார். 1173இல் புனிதப் பொருள்களோடு வீடு திரும்பி, பிரவுன்ஷ்வைக்கில் புனித பிளேசியஸ் பேராலயத்தைக் கட்டத் தொடங்கினார்.

பார்பரோசாவோடு ஏன் முறிந்தது?

1176 தொடக்கத்தில் வட இத்தாலிய நகரங்களோடு போரிட்டுக்கொண்டிருந்த பார்பரோசாவுக்குப் படை போதவில்லை. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் சியவென்னாவுக்கு ஹென்றியை வரச் சொல்லி உதவி கேட்டார். மண்டியிட்டே கேட்டார் என்று பிற்காலத்தவர்கள் எழுதினார்கள். ஹென்றி பதிலுக்குக் கோஸ்லார் நகரைக் கேட்டார். ராம்மெல்ஸ்பெர்க் மலையின் வெள்ளிச் சுரங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்பரோசா மறுத்தார், ஹென்றியும் மறுத்தார். மே 29 அன்று லெஞ்ஞானோவில் பேரரசரின் படை தோற்றது.

படை அனுப்பும் சட்டக் கடமை அந்தச் சமயத்தில் ஹென்றிக்கு இருந்ததா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அத்தை மகன் ஆபத்தில் நிற்கும்போது விலை பேசியது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். இருபது ஆண்டுகளாக அவர் மீது வந்த புகார்களையெல்லாம் தள்ளிவிட்டுக் காத்தது அந்த ஒரே மனிதர்தான்.

இதேபோல் இன்னொன்றும் நடந்தது. சித்தப்பா ஆறாம் வெல்ஃபின் ஒரே மகன் இறந்துவிட்டதால், தெற்கே இருந்த குடும்பச் சொத்து ஹென்றிக்கு வர வேண்டியது. பணம் தருவதாகச் சொன்னார். சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது, எப்படியும் நமக்குத்தானே என்று இழுத்தடித்தார். சித்தப்பா பொறுமையிழந்து, கைமேல் பணம் கொடுத்த பார்பரோசாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

விசாரணை எப்படி நடந்தது?

சாக்சனிப் பிரபுக்களும் ஆயர்களும் வரிசையாகப் புகார் கொடுத்தார்கள். 1179இல் வோர்ம்ஸ், மாக்டபுர்க் என்று அவையவையாக அழைத்தும் ஹென்றி வரவில்லை. நடுவில் தனியாகச் சந்தித்தபோது 5000 மார்க் வெள்ளி கட்டினால் சமாதானம் செய்து வைக்கிறேன் என்றார் பார்பரோசா. தொகை அதிகம் என்று ஹென்றி எழுந்து போய்விட்டார். 1180 ஜனவரியில் வுர்ஸ்புர்கில், அவைக்கு வர மறுத்த குற்றத்துக்காக அவருடைய மானியங்கள் எல்லாம் பறிக்கப்பட்டன.

ஏப்ரல் 13 அன்று கெல்ன்ஹாவுசனில் சாக்சனியை இரண்டாகப் பிரித்தார்கள். மேற்குப் பகுதி கொலோன் பேராயருக்கு. மற்றது கரடி ஆல்பிரெக்டின் மகன் பெர்ன்ஹார்டுக்கு, அதாவது ஐலிகாவின் பேரனுக்கு. வுல்ஃப்ஹில்டின் பேரனிடமிருந்து பிடுங்கித் தங்கை பேரனிடம் கொடுத்தார்கள். செப்டம்பரில் பவேரியா, விட்டெல்ஸ்பாக் குடும்பத்து ஓட்டோவுக்குப் போனது. அந்தக் குடும்பம் 1918 வரை அங்கே ஆண்டது. 1181 நவம்பரில் எர்ஃபுர்டில் ஹென்றி பேரரசரின் காலில் விழுந்தார். பார்பரோசா கண்ணீரோடு தூக்கி முத்தமிட்டாராம். ஆனால் எதையும் திருப்பித் தரவில்லை.

அப்படியானால் எல்லாமே போய்விட்டதா?

இல்லை. பறிக்க முடிந்தது பேரரசர் கொடுத்த மானியங்களை மட்டும். டியூக் பதவி அரசர் தந்தது, அரசர் எடுக்கலாம். குடும்பத்தின் சொந்த நிலம் வேறு. எர்ஃபுர்டில் பணிந்தபோது அது ஹென்றிக்கே விடப்பட்டது. அதில் முக்கியமானவை இரண்டு: பிரவுன்ஷ்வைக், லூனெபுர்க். முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, இரண்டு பாட்டிகளின் சீதனம். ஆண்கள் வாளெடுத்தும் வாதாடியும் பெற்ற இரண்டு பெரிய நாடுகளும் ஒரே ஆண்டில் கைவிட்டுப்போயின. பெண்கள் கொண்டுவந்த ஊர்கள் தங்கின.

நாடு கடத்தப்பட்ட காலத்தில் எங்கே இருந்தார்?

பேரரசர் வெளியேறச் சொன்னபடி, 1182 கோடையில் மனைவி, பிள்ளைகளோடு மாமனார் ஆண்ட நார்மண்டிக்குப் போனார். அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில் அர்ஜென்தானில் கூடிய அவையில், பெர்ட்ரான் த பார்ன் என்ற கவிஞர் மெடில்டாவின் அழகைப் பாடினார். பிறகு இங்கிலாந்து. 1185இல் ஹென்றி ஊர் திரும்பினார். ஓட்டோ மட்டும் மாமாக்களோடு தங்கி, ஏறக்குறைய ஆங்கில இளவரசனாகவே வளர்ந்தான்.

பார்டோவிக்கை ஏன் அழித்தார்?

1189இல் பார்பரோசா சிலுவைப் போருக்குக் கிளம்பினார். ஹென்றியை ஊரில் விட்டுப்போக அவருக்கு மனமில்லை, மறுபடி மூன்றாண்டு வெளியேறச் சொன்னார். மெடில்டா இந்த முறை போகாமல் பிரவுன்ஷ்வைக்கைக் காத்து நின்றார். அந்தக் கோடையில் அங்கேயே இறந்தார், வயது 33. சில நாள் இடைவெளியில் அவர் அப்பாவும் இறந்தார். ஹென்றி வாக்கை மீறித் திரும்பினார். தன் வீழ்ச்சியின்போது தன்னைக் கைவிட்ட பார்டோவிக்கை அக்டோபர் 28 அன்று தரைமட்டமாக்கினார். தேவாலயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். 'சிங்கத்தின் அடிச்சுவடு' என்ற லத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பகை எப்படி முடிந்தது?

ஒரு கல்யாணத்தால். பார்பரோசா 1190இல் சிலுவைப் போர் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்துவிட்டார். அவர் மகன் ஆறாம் ஹென்றி தன் சித்தப்பா கொன்ராடின் மகள் ஆக்னஸை வைத்து ஒரு அரசியல் கணக்குப் போட்டார், பிரெஞ்சு அரசருக்குக் கொடுக்க நினைத்தார். ஆக்னஸின் தாய் இர்ம்கார்ட் வேறு முடிவெடுத்தார். கணவர் வெளியூரில் இருந்தபோது, 1193-94 குளிர்காலத்தில், ரைன் கரையிலுள்ள ஷ்டாலெக் கோட்டையில் சிங்க ஹென்றியின் மகனை ரகசியமாக வரவழைத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார். பேரரசர் கொதித்தார். மாமனார் கொன்ராட் சமாதானம் பேசினார். 1194 மார்ச்சில் டில்லெடாவில் பேரரசரும் முதிய சிங்கமும் சமரசமானார்கள்.

கடைசி நாட்கள்?

அந்தச் சமரசத்துக்குப் போகும் வழியில் குதிரையிலிருந்து விழுந்து காலில் பலத்த அடி. பிறகு பெரும்பாலும் பிரவுன்ஷ்வைக்கிலேயே இருந்தார். பழைய வரலாற்று நூல்களைத் திரட்டி எழுத வைத்து, தூக்கம் வராத இரவுகளில் தன் எதிரே படிக்கச் சொல்லிக் கேட்டார் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் ஷ்டெட்டர்புர்கின் கெர்ஹார்ட் குறித்திருக்கிறார். 1195 ஆகஸ்ட் 6 அன்று உயிர் பிரிந்தது.

அவருடைய நற்செய்தி நூல் ஏன் அவ்வளவு புகழ்பெற்றது?

ஹெல்மார்ஸ்ஹாவுசன் மடத்தில் ஹெரிமான் என்ற துறவி பிரவுன்ஷ்வைக் பேராலயத்துக்காக எழுதியது. 226 தாள்கள், 50 முழுப்பக்க ஓவியங்கள். 1983 டிசம்பர் 6 அன்று லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது ஜெர்மனி கூட்டுச் சேர்ந்து 3.25 கோடி மார்க்குக்கு வாங்கியது. அதுவரை எந்தப் புத்தகமும் அந்த விலைக்குப் போனதில்லை. இப்போது வோல்ஃபன்பியூட்டல் நூலகத்தில் இருக்கிறது.

அதில் ஒரு ஓவியம்: வானிலிருந்து நீளும் கைகள் ஹென்றி, மெடில்டா இருவர் தலையிலும் மகுடம் வைக்கின்றன. ஹென்றிக்குப் பின்னால் அப்பா, அம்மா, பேரரசர் லோதர், ரிச்சென்சா. அப்பாவைப் பெற்ற கறுப்பு ஹென்றியைக் காணோம். மெடில்டாவின் பின்னால் அவர் தந்தை, தந்தையைப் பெற்ற பாட்டி. தன் பெருமை எந்த வழியில் வந்தது என்று ஹென்றிக்கே தெரிந்திருக்கிறது.

அவர் வம்சம் இன்றும் உண்டா?

உண்டு. வில்ஹெல்மின் மகன் 'குழந்தை ஓட்டோ' 1235 ஆகஸ்டில் மைன்ஸ் நகரில் தன் லூனெபுர்கைப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கிடம் ஒப்படைத்தார். பேரரசர் அதோடு பிரவுன்ஷ்வைக்கையும் சேர்த்து, புதிய டியூக் நாடாக்கி அவரிடமே திருப்பிக் கொடுத்தார். கொடுத்தவர் பார்பரோசாவின் பேரன், வாங்கியவர் சிங்க ஹென்றியின் பேரன்.

அந்த டியூக் நாட்டின் ஒரு கிளைதான் ஹனோவர். 1714இல் அதன் ஆட்சியாளர் முதலாம் ஜார்ஜ் பிரிட்டன் அரசரானார். நம் ஊர்ப் பழைய காசுகளில் முகம் பதிந்த விக்டோரியா மகாராணி அந்த ஹனோவர் வம்சத்தில் வந்தவர். இன்னொரு கிளையையும் சொல்ல வேண்டும். ஷ்டாலெக்கில் ரகசியமாக மணந்த தம்பதியின் மகள் இன்னொரு ஆக்னஸ், விட்டெல்ஸ்பாக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். பவேரியாவை வாங்கிக்கொண்ட அந்தக் குடும்பத்துக்குச் சிங்க ஹென்றியின் பேத்தி வழியாக, அவள் அப்பா ஆண்ட ரைன் பாலட்டினேட் என்ற பகுதியும் போய்ச் சேர்ந்தது.

நாஜிகள் இவரைப் போற்றினார்களா?

கிழக்கே நிலம் பிடித்தவர் என்பதால் தங்கள் முன்னோடியாகக் காட்டப் பார்த்தார்கள். 1935இல் கல்லறையைத் தோண்டினார்கள், ஹிட்லரே வந்து பார்த்தார். பேராலயத்தைத் தங்கள் கொள்கைக்கான நினைவிடமாக மாற்றினார்கள். கிடைத்த எலும்புகள் ஹென்றியுடையவைதானா என்பதிலேயே சந்தேகம் இருக்கிறது.

சிங்கம் அவரோடு வந்த கதை உண்மையா?

நாட்டுப்புறக் கதை. யாத்திரை வழியில் டிராகனோடு போராடிய சிங்கத்தைக் காப்பாற்றினார், அது நன்றியோடு வீடுவரை வந்தது, அவர் இறந்ததும் பேராலயக் கதவைப் பிறாண்டி அழுது உயிர்விட்டது என்பார்கள். பேராலய வாசலில் இருக்கும் கீறல்களை இன்றும் அந்தச் சிங்கத்தின் நகக்குறி என்று காட்டுகிறார்கள்.

பிரவுன்ஷ்வைக் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

சிங்கச் சிலையைப் பார்த்துவிட்டுப் பேராலயத்துக்குள் போங்கள். 1188இல் மெடில்டா பெயரும் பொறித்து அர்ப்பணித்த மாதா பீடம் இருக்கிறது, ஏழு கிளை விளக்குத்தண்டு இருக்கிறது. நடுவே இருவரின் கல்லறை. மேலே கிடக்கும் கற்சிலைகள் அவர்கள் இறந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு செதுக்கியவை. ஹென்றியின் ஒரு கையில் பேராலயத்தின் சிறிய உருவம், இன்னொரு கையில் வாள். பக்கத்தில் மெடில்டா கைகூப்பியபடி படுத்திருக்கிறார்.